மண்டை ஓடு வரைந்தால் மாத்திரையை விட்டுவிடுவார்களா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில், டாக்டர் எழுதித் தருகிற மாத்திரைகளைச் சொன்ன அளவுக்கு மேலோ, சொன்ன காரணத்தை விட்டு வேறு காரணத்துக்கோ, அடுத்தவர் அட்டையிலிருந்து பிய்த்தோ போட்டுக்கொள்வதைப் பற்றி எழுதியிருந்தேன். கடைசியில் போகிற போக்கில், 'இதைத் தடுக்க வருகிற விழிப்புணர்வு விளம்பரங்கள் பலவும் எழுதியவருடைய மனத்திருப்திக்குத்தான் உதவுகின்றன' என்று ஒரு வரி போட்டுவிட்டேன். கட்டுரையை விட்டுவிட்டு எல்லாரும் அந்த வரியைப் பிடித்துக்கொண்டீர்கள். சரி, அதையே பேசுவோம். பலர் பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் யார் பெயரும் போடவில்லை.

கேள்வி: மேடம், நான் பள்ளி ஆசிரியை. எங்கள் மாணவர் மன்றம் மாத்திரைப் போதைக்கு எதிராக ஒரு போஸ்டர் செய்திருக்கிறது. கறுப்புப் பின்னணி, நடுவில் மண்டை ஓடு, பற்களுக்குப் பதிலாக வரிசையாக மாத்திரைகள். கீழே 'இன்று மாத்திரை, நாளை இறுதி யாத்திரை'. பிள்ளைகளுக்கு ஒரே பெருமை. உங்கள் வரியைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. ஒட்டலாமா, வேண்டாமா?

பதில்: பல்லுக்குப் பதில் மாத்திரை என்பது நல்ல கற்பனை, வரைந்த பிள்ளைக்கு என் பாராட்டைச் சொல்லிவிடுங்கள். ஒட்டுவதற்கு முன் ஒன்று கேட்கிறேன். இந்தப் போஸ்டரைப் பார்த்து நிஜமாகவே பயந்துபோன ஒரு பையன் அடுத்த ஐந்து நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும்? உங்கள் போஸ்டரில் அதற்குப் பதில் இல்லை. பயத்தை அவன் கையில் கொடுத்துவிட்டு நாம் கிளம்பிவிடுகிறோம், அவனும் அதை எங்கேயாவது இறக்கி வைத்தாக வேண்டும். பெரும்பாலும் 'இதெல்லாம் சும்மா பூச்சாண்டி' என்ற இடத்தில்தான் இறக்கி வைப்பான்.

இது என் சொந்த ஊகம் இல்லை. 1953-இல் ஜேனிஸ், ஃபெஷ்பாக் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்கப் பள்ளி மாணவர்களுக்குப் பல் பராமரிப்பு பற்றி மூன்று விதமாகப் பேசிப் பார்த்தார்கள். ஒரு குழுவுக்குச் சொத்தைப் பல், சீழ் பிடித்த ஈறு என்று படத்தோடு கடும் பயமுறுத்தல், இன்னொன்றுக்கு மிதமாக, மூன்றாவதற்கு லேசாக. அதிகம் பதறியது முதல் குழுதான். ஆனால் ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, சொன்னதை அதிகம் கடைப்பிடித்தது லேசாகச் சொல்லப்பட்ட குழு.

இதை வைத்துக்கொண்டு 'பயமுறுத்தவே கூடாது' என்று முடிவு கட்டியவர்கள் உண்டு, அதுவும் அவசரம். பின்னால் வந்த ஏராளமான ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் பயத்துக்கும் ஓரளவு பலன் இருக்கிறது. ஆனால் அதன் கூடவே இன்னொன்று இருக்கும்போதுதான் அது நன்றாக வேலை செய்கிறது. அந்த இன்னொன்று எது என்று காட்டியது 1965-இல் ஹோவர்ட் லெவெந்தாலும் கூட்டாளிகளும் யேல் பல்கலைக்கழகத்தில் செய்த டெட்டனஸ் ஊசி ஆய்வு. எனக்கு ரொம்பப் பிடித்த ஆய்வு, பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பேன். மாணவர்களுக்கு டெட்டனஸ் பற்றிக் கையேடு கொடுத்தார்கள், சிலருக்குக் கொடூரமான படங்களோடு, சிலருக்குச் சாதுவாக. பயந்தவர்கள் 'கட்டாயம் போட்டுக்கொள்வேன்' என்று அதிகம் சொன்னார்கள். சொன்னதோடு சரி. ஊசி போட நிஜமாகப் போனவர்கள் யார் என்று பார்த்தபோது பயத்தின் அளவு பெரிய வித்தியாசத்தைக் காட்டவில்லை. வித்தியாசத்தைக் காட்டியது ஒரு சாதாரண வரைபடம். சிலருடைய கையேட்டில் மட்டும் வளாகத்தின் வரைபடத்தை வைத்து, ஊசி போடும் கட்டடத்தை வட்டமிட்டு, எந்த நேரத்தில் போகலாம் என்று போட்டு, 'இந்த வார வகுப்புகளைப் பார்த்து எப்போது போவாய் என்று யோசி' என்று கேட்டிருந்தார்கள். அது கிடைத்தவர்களில் சுமார் 28 சதவீதம் பேர் போனார்கள். கிடைக்காதவர்களில் சுமார் 3 சதவீதம். இத்தனைக்கும் எல்லாரும் இறுதியாண்டு மாணவர்கள், அந்தக் கட்டடம் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்!

1992-இல் கிம் விட் என்பவர் இதையெல்லாம் சேர்த்து ஒழுங்குபடுத்தினார். ஒரு பயமுறுத்தும் செய்தி காதில் விழுந்ததும் மனதுக்குள் இரண்டு கேள்வி ஓடுமாம். 'இது எனக்கு வருமா, வந்தால் எவ்வளவு மோசம்?' என்பது ஒன்று, 'இதற்கு என்னால் ஏதாவது செய்ய முடியுமா?' என்பது மற்றது. இரண்டுக்கும் ஆமாம் என்றால் ஆள் ஆபத்தைக் கவனிப்பார். முதலாவதுக்கு மட்டும் ஆமாம் என்றால் ஆபத்தை விட்டுவிட்டுத் தன் பயத்தைக் கவனிப்பார், அதாவது முகத்தைத் திருப்பிக்கொள்வார், கிண்டலடிப்பார், போஸ்டருக்கு மீசை வரைவார்.

ஆகவே மண்டை ஓடு இருக்கட்டும், கிழிக்க வேண்டாம். அதன் கீழே இருக்கும் வரியை மாற்றுங்கள். எந்த வரி என்று கடைசியில் சொல்கிறேன், அதற்கு இன்னும் ஏழெட்டுக் கடிதங்களைத் தாண்ட வேண்டும்.

கேள்வி: டாக்டர் எழுதிக் கொடுத்து, கடையில் பில் போட்டு வாங்குகிற மருந்து. இதையும் கஞ்சா, ஹெராயினையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது உங்களுக்கே அதிகமாகத் தெரியவில்லையா?

பதில்: ஒரே தட்டில் வைத்தால் அதிகம்தான். முறையாகச் சாப்பிடுகிற கோடிக்கணக்கானவர்களுக்கு இவை வரம், அறுவைச் சிகிச்சை முடிந்து வலியில் துடிக்கிறவரிடம் போய் வலி மாத்திரையைத் திட்டினால் அவர் என்னை அடிக்க வருவார், வர வேண்டும். ஆனால் உங்கள் கடிதத்தில்தான் இந்த விஷயத்தின் முடிச்சே இருக்கிறது. 'டாக்டர் எழுதியது' என்ற சொல் ஒரு காப்புக் கயிறு மாதிரி ஆகிவிட்டது. எழுதியது யாருக்கு, எத்தனை மில்லிகிராம், எத்தனை நாளுக்கு, கூட என்ன சாப்பிடக்கூடாது என்பதெல்லாம் உதிர்ந்துபோய், மாத்திரை மட்டும் அந்த நல்ல பெயரோடு வீட்டில் தங்கிவிடுகிறது.

உடம்புக்குச் சீட்டு படிக்கத் தெரியாது. ஓபியாய்ட் வகை, அதாவது அபினைப் போல வேலை செய்கிற வலி மாத்திரை, மூளையில் ஹெராயின் போய் உட்காருகிற அதே இடத்தில்தான் உட்காருகிறது. தொடர்ந்து போடப் போட அதே நிம்மதிக்கு அதிக அளவு கேட்கும். அதோடு தூக்க மாத்திரையோ மதுவோ சேர்ந்தால் மூச்சு விடச் சொல்கிற மூளைப் பகுதி மந்தமாகிவிடும். ஓபியாய்டையும் பென்சோடயசெபைன் வகைத் தூக்க, பதற்ற மாத்திரைகளையும் சேர்ப்பது பற்றி அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2016-இல் தன்னிடமுள்ள மிகக் கடுமையான எச்சரிக்கையைப் பெட்டிக்குள் போட்டு அச்சிடச் சொன்னது. இரண்டுமே டாக்டர் எழுதுகிற மருந்துகள்தான்.

'எனக்கு வராது' என்ற நினைப்பைப் பற்றித்தான் இந்தத் துறையின் பழைய கோட்பாடு ஒன்று பேசுகிறது. 1950-களில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையில் ஒரு புதிர். காசநோய் கண்டுபிடிக்க வீட்டுப் பக்கத்திலேயே வண்டி வைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள், ஆட்கள் வரவில்லை. காட்ஃப்ரி ஹாக்பாம் என்ற உளவியலாளர் 1,200 பேரைப் போய்க் கேட்டார். 'எனக்கும் காசநோய் வரலாம், அறிகுறியே இல்லாதபோது கண்டுபிடித்தால் எனக்குத்தான் நல்லது' என்று நம்பியவர்களில் 82 சதவீதம் பேர் தாங்களாகவே போய் எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள். இரண்டையும் நம்பாதவர்களில் 21 சதவீதம்தான். அதாவது வண்டியைக் கிட்டே கொண்டுவந்து நிறுத்துவதால் மட்டும் ஆகாது, நோயும் கிட்டே இருப்பதாக ஆளுக்குத் தோன்ற வேண்டும். 'உடல்நல நம்பிக்கை மாதிரி' (Health Belief Model) என்று இதற்குப் பெயர் வைத்தார்கள், பெயர் கொஞ்சம் பாடப்புத்தகம் மாதிரி இருந்தாலும் விஷயம் எளிது.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். இந்த வேலைக்கு வந்த புதிதில் மாத்திரைத் தவறான பயன்பாடு பற்றி ஒரு துண்டறிக்கை எழுதி, அட்டையில் ஊசியும் ரப்பர் குழாயும் படமாகப் போட்டேன், பார்க்கக் கெத்தாக இருக்குமே என்று. அச்சுக்கு முன் பத்துப் பேரிடம் காட்டினோம். ஒரு அம்மா பொறுமையாகப் படித்தார், மடித்துத் திருப்பிக் கொடுத்தார், 'நல்லா இருக்குமா, எங்க வீட்ல ஊசி போடறவங்க யாரும் இல்ல' என்றார். அப்புறம் பேச்சுவாக்கில் கைப்பையைத் திறந்து தன் தூக்க மாத்திரை அட்டையைக் காட்டினார். ஒன்று என்று எழுதியிருக்கிறது, ஆறு மாதமாக ஒன்றரை போடுகிறாராம், சில நாள் இரண்டு. துண்டறிக்கை அவருக்காகத்தான் எழுதப்பட்டது, அந்த ஊசிப் படம் 'இது உனக்கு இல்லை' என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்பிவிட்டது.

கேள்வி: அக்கா, நான் கல்லூரி மாணவி. 'மாணவர்களில் பாதிப் பேர் பரீட்சைக்காகக் கவன மாத்திரை போடுகிறார்கள், அதிர்ச்சித் தகவல்!' என்று ஒரு வீடியோ எடுக்கப்போகிறோம் (கவனக் குறைபாட்டுக்கு டாக்டர் எழுதித் தருகிற மாத்திரையைச் சொல்கிறேன்). அதிர்ச்சியாக இருந்தால்தானே பார்ப்பார்கள்?

பதில்: பார்ப்பார்கள் தங்கச்சி, பார்த்துவிட்டு 'அட, நான் மட்டும்தான் போடாமல் இருக்கேனா' என்று யோசிப்பார்கள். அந்த 'பாதிப் பேர்' கணக்கு எங்கிருந்து வந்தது என்று நீ எழுதவில்லை, அதனால் முதலில் அதைத் தூக்கு.

எல்லாரும் செய்கிறார்கள் என்று திட்டுவது, எல்லாரும் செய்கிறார்கள் என்று விளம்பரம் செய்வதுதான். அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் கல்லாகிப்போன மரங்கள் நிறைந்த ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது, வருகிறவர்கள் ஞாபகத்துக்கு ஒரு துண்டை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வார்கள். ராபர்ட் சியால்டினி குழுவினர் அங்கே இரண்டு விதமான பலகை வைத்துப் பார்த்தார்கள். 'முன்பு வந்த பலர் எடுத்துச் சென்று இந்தக் காட்டையே மாற்றிவிட்டார்கள்' என்பது ஒன்று, 'தயவுசெய்து எடுக்காதீர்கள்' என்பது மற்றது. அடையாளம் வைத்துப் போட்டிருந்த துண்டுகளில் முதல் பலகையின் கீழ் 7.92 சதவீதம் காணாமல் போனது. இரண்டாவதன் கீழ் 1.67 சதவீதம்.

போதை விஷயத்திலேயே பெரிய அடி ஒன்று இருக்கிறது. 1998 முதல் 2004 வரை அமெரிக்க அரசு இளைஞர்களுக்கான தேசியப் போதை எதிர்ப்பு விளம்பர இயக்கத்துக்குக் கிட்டத்தட்ட 100 கோடி டாலர் ஒதுக்கியது, முக்கியமாகக் கஞ்சாவுக்கு எதிராக. ராபர்ட் ஹார்னிக் தலைமையில் நடந்த மதிப்பீடு 2008-இல் வெளியானது. விளம்பரங்கள் பிள்ளைகளைச் சென்றடைந்தன, நினைவிலும் நின்றன. ஆனால் பயன்பாடு குறைந்ததற்குச் சான்று இல்லை, சில அளவுகோல்களில் எதிர்ப்பக்கமே சாய்ந்திருந்தது. இத்தனை விளம்பரம் வருகிறதென்றால் எல்லாரும் பிடிக்கிறார்கள் போலிருக்கிறது என்று பிள்ளைகள் எடுத்துக்கொண்டிருக்கலாம் என்பது அவர்கள் தந்த விளக்கங்களில் ஒன்று.

பெர்க்கின்ஸ், பெர்கோவிட்ஸ் என்ற இருவர் 1986-இல் கல்லூரி மாணவர்களிடம் குடியைப் பற்றிக் கேட்டபோது, ஒவ்வொருவரும் 'நான் அப்படி இல்லை, ஆனால் மற்றவர்கள் ரொம்பத் தாராளம்' என்று நினைத்திருந்தார்கள். எல்லாரும் எல்லாரைப் பற்றியும் தப்பாக நினைத்திருந்தார்கள். உங்கள் கல்லூரியிலும் பெயரில்லாமல் ஒரு தாளில் கேட்டுப் பாருங்கள். போடாதவர்கள்தான் பெரும்பான்மை என்று வந்தால் அதைச் சொல்லுங்கள், அதுதான் செய்தி. வரவில்லை என்றால் எண்ணிக்கையைப் பற்றி வாயே திறக்காமல் வேறு வழியில் பேசுங்கள். நல்ல நோக்கத்துக்காக எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்வதும் கூடாது, பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டால் அப்புறம் நீங்கள் சொல்கிற நிஜத்தையும் நம்ப மாட்டார்கள்.

கேள்வி: 'வேண்டாம்' என்று உறுதியாகச் சொல்லப் பழக்கினால் போதாதா? எதற்கு இத்தனை கோட்பாடு?

பதில்: பழக்கினால் நல்லதுதான். 'சொல்' என்று உபதேசம் செய்தால் போதாது. 1983-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய டேர் திட்டத்தில் போலீஸ்காரர்கள் வகுப்புக்கே வந்து போதையை மறுக்கச் சொல்லிக் கொடுத்தார்கள், நாடு முழுக்கப் பரவியது, பெற்றோருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதன் பழைய பாடத்திட்டத்தை ஆராய்ந்தவர்கள் பிள்ளைகளின் போதைப் பழக்கத்தில் நீடித்த மாற்றம் எதையும் பெரிதாகக் காணவில்லை.

ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் எழுதிய தன்திறன் நம்பிக்கை, அதாவது 'என்னால் இதைச் செய்ய முடியும்' என்ற எண்ணம், கேட்பதால் கொஞ்சம்தான் வரும், ஒருமுறை செய்து பார்த்து ஜெயித்தால்தான் முழுதாக வரும். நீச்சல் மாதிரி. பரீட்சைக்கு முந்தின இரவு நெருங்கிய தோழன் வந்து 'டேய், உன்கிட்ட அந்தக் கவன மாத்திரை இருக்குல்ல, ஒண்ணு குடு' என்று கேட்கிறான். 'போதைப்பொருளுக்கு நான் இடம் கொடுப்பதில்லை' என்று எந்தப் பையனும் பதில் சொல்ல மாட்டான், சொன்னால் அவனுக்கு அன்றோடு நண்பர்கள் கிடையாது. 'எண்ணி வெச்சிருக்காங்கடா, ஒண்ணு குறைஞ்சா எங்கம்மா என்னைக் கொன்னுடுவாங்க' என்று சொல்வான். பொய்யாகவே இருக்கட்டும், நட்பும் போகவில்லை, மாத்திரையும் போகவில்லை. இந்த மாதிரி நாலு வாக்கியத்தைப் பிள்ளைகளையே எழுதச் சொல்லி, ஒருவர் கேட்க ஒருவர் மறுக்க, வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் தடவை சிரிப்பார்கள், மூன்றாவது தடவை வாயில் படிந்துவிடும்.

கேள்வி: என் அம்மா தன் வலி மாத்திரையை அக்கம்பக்கத்தில் யார் முதுகைப் பிடித்துக்கொண்டு வந்தாலும் கொடுத்துவிடுகிறார். சொன்னால் கோபப்படுகிறார், 'வலியில இருக்கறவளைப் பார்த்துக்கிட்டுச் சும்மா இருக்கச் சொல்றியா' என்கிறார். அவரைப் போதை ஆசாமி என்று சொன்னால் எனக்கே சிரிப்பு வருகிறது. இதற்கு எந்த விளம்பரம்?

பதில்: வந்த கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஏனென்றால் விளம்பரம் எழுதுகிறவர்கள் அடிக்கடி மறந்துபோகிற ஆள் உங்கள் அம்மாதான். அமெரிக்காவின் 2019-ஆம் ஆண்டுத் தேசியக் கணக்கெடுப்பில் வலி மாத்திரையைத் தவறாகப் பயன்படுத்தியவர்களிடம் எங்கே கிடைத்தது என்று கேட்டபோது, சுமார் பாதிப் பேர் சொன்ன பதில் நண்பர் அல்லது உறவினர், அதிலும் பெரும்பாலும் சும்மா கொடுத்தது. இருட்டுச் சந்தில் நிற்கிற ஆளைப் படம் போட்டு எடுக்கிற விளம்பரங்கள் யாரைத் தேடுகின்றன என்று தெரியவில்லை.

ஐசெக் அய்சன் என்பவருடைய திட்டமிட்ட நடத்தைக் கோட்பாடு இங்கே கை கொடுக்கும். ஒருவர் ஒன்றைச் செய்யப்போகிறாரா என்பதை மூன்று விஷயம் தீர்மானிக்கிறது என்கிறார்: அது நல்லதா கெட்டதா என்று அவர் நினைப்பது, தனக்கு வேண்டியவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது, செய்வது தன் கையில் இருக்கிறதா என்பது. அம்மாவை வைத்துப் பாருங்கள். மாத்திரை கொடுப்பது அவருக்கு நல்ல காரியம். அக்கம்பக்கம் அவரை வாழ்த்துகிறது. மாத்திரை கைக்கெட்டுகிற இடத்தில் இருக்கிறது. மூன்றும் 'கொடு' என்கின்றன. நீங்கள் முதலாவதை உடைக்கப் பார்க்கிறீர்கள், அதாவது அவருடைய நல்ல மனதையே குற்றம் சொல்கிறீர்கள். அது உடையாது, உடைய வேண்டியதும் இல்லை.

அட்டையைக் கையில் எடுத்து அவரிடம் காட்டுங்கள். கொடுக்கிறவர்கள் கத்தரியால் இரண்டு மாத்திரையை வெட்டிக் கொடுப்பார்கள். மருந்தின் பெயர், மில்லிகிராம், காலாவதித் தேதி எல்லாம் இங்கே மிச்சமிருக்கிற பாதியில் தங்கிவிடும். வாங்கிப் போகிறவர் கையில் இருப்பது பெயரில்லாத ஒரு வெள்ளி மின்னல். இரவு அவருக்கு ஏதாவது ஆகி மருத்துவமனைக்குக் கொண்டுபோனால், என்ன சாப்பிட்டார் என்று கேட்கிற டாக்டருக்கு அந்தத் துண்டு ஒன்றும் சொல்லாது. அந்த அம்மாள் ஏற்கெனவே தூக்க மாத்திரை போடுகிறவரா, குறட்டையோடு மூச்சுத் திணறல் உள்ளவரா என்று உங்கள் அம்மாவுக்கு எப்படித் தெரியும்? இதைச் சொன்னால் அவருக்குப் புரியும், ஏனென்றால் இது அவருடைய அக்கறையின் பக்கத்தில் நின்று பேசுகிற பேச்சு. கூடவே கொடுப்பதற்கு வேறு ஏதாவது கையில் கொடுங்கள்: வெந்நீர் ஒத்தடப் பை, டாக்டரிடம் கூடப் போகிற துணை. வெறுங்கையோடு நிற்கச் சொன்னால் நிற்க மாட்டார்.

மாத்திரையைப் பூட்டி வையுங்கள், சிகிச்சை முடிந்து மிச்சமானதை வீட்டில் வைக்காதீர்கள். அமெரிக்காவில் 2010 முதல் மிச்ச மாத்திரைகளைத் திரும்ப வாங்கிக்கொள்ளவே நாள் குறித்து நடத்துகிறார்கள். நீங்கள் இருக்கிற இடத்தில் எப்படி ஒழிப்பது என்று மருந்தாளுநரைக் கேளுங்கள், அதற்கு ஐந்து நிமிடம் ஆகாது.

கேள்வி: ஓபியாய்ட் மாத்திரை அதிகமாகிவிட்டது என்பதற்கு அடையாளம் என்ன?

பதில்: தட்டினாலும் எழாத தூக்கம், மிக மெதுவான அல்லது விட்டுவிட்டு வரும் மூச்சு, நீலம் பாரித்த உதடு அல்லது நகம், ஊசிமுனை மாதிரி சுருங்கிய கண்மணி. உடனே ஆம்புலன்ஸ். ஓபியாய்டின் வேலையை முறிக்கிற நலாக்ஸோன் மருந்து கையில் இருந்தால் கொடுங்கள், கொடுத்துவிட்டும் ஆம்புலன்ஸுக்குக் காத்திருங்கள், அதன் வேலை தீர்ந்ததும் மூச்சு மறுபடி அடங்கலாம். தூங்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: எட்டு மாதமாகப் பதற்ற மாத்திரையைச் சீட்டில் உள்ளதைவிட அதிகமாகப் போடுகிறேன். வீட்டில் யாருக்கும் தெரியாது. உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு இன்றோடு நிறுத்திவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். சரிதானே?

பதில்: இல்லை, தயவுசெய்து ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். அந்த வகை மாத்திரைகளைப் பல மாதம் போட்டுவிட்டுச் சட்டென்று விட்டால் வலிப்பு வரை போகலாம், உயிருக்கே ஆபத்தாகும். டாக்டரைப் பார்த்து, நிஜமாக எவ்வளவு போடுகிறீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள், அவர் படிப்படியாக அளவைக் குறைப்பார். அதுவரை மது வேண்டாம். இந்தப் பதிலில் மிக முக்கியமானது இவ்வளவுதான், மீதியை அப்புறம் படித்தாலும் பரவாயில்லை.

மீதி என்னவென்றால், நீங்கள் எழுதியதே பாதி வேலை. புரோச்சஸ்கா, டிக்ளெமென்டே இருவரும் தாங்களாகவே சிகரெட்டை விட முயன்ற 872 பேரைப் பார்த்து 1983-இல் ஒன்று சொன்னார்கள்: மாற்றம் ஒரு நாளில் நடப்பதில்லை, யோசிக்காத நிலை, யோசிக்கிற நிலை, செய்கிற நிலை, தக்கவைக்கிற நிலை என்று போகிறது, வழுக்கித் திரும்பி வருவதும் அதில் அடக்கம். நிஜத்தில் இது இவ்வளவு வரிசையாக இருப்பதில்லை என்று விமர்சித்தவர்கள் உண்டு, எனக்கும் அப்படித்தான் படுகிறது, காலையில் ஒரு நிலையிலும் ராத்திரி வேறொரு நிலையிலும் இருக்கிறவர்கள்தான் நாமெல்லாம். ஆனாலும் எழுதுகிறவர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. 'தொடங்காதே' என்று மட்டும் கத்துகிற விளம்பரத்தில் தொடங்கிவிட்டவருக்கு ஒரு வார்த்தைகூட இல்லை. 'போதை அடிமை' என்று எழுதுகிறோமே, அதைப் படித்துவிட்டு யார் எழுந்து வந்து 'நான்தான்' என்பார்? 2010-இல் கெல்லி, வெஸ்டர்ஹாஃப் செய்த ஆய்வில், ஒரே ஆளை இரண்டு சொல்லால் விவரித்து மனநலத் துறையினரிடமே கொடுத்தார்கள். 'போதையைத் துஷ்பிரயோகம் செய்பவர்' என்று படித்தவர்கள், 'போதைப் பயன்பாட்டுக் கோளாறு உள்ளவர்' என்று படித்தவர்களைவிட, தப்பு அவர் மேல்தான், தண்டனை தேவை என்ற பக்கம் அதிகம் சாய்ந்தார்கள். பயிற்சி பெற்றவர்களுக்கே இப்படி என்றால் வீட்டில் இருப்பவர்களைக் கேட்கவே வேண்டாம். போன கட்டுரையில் நானும் 'போதை அடிமை' என்ற சொல்லை இரண்டு இடத்தில் எழுதியிருந்தேன், இனி எழுத மாட்டேன்.

வீட்டில் ஒரே ஒருவரிடமாவது சொல்லுங்கள். டாக்டரிடம் போகிற நாள் அவர் கூட வரட்டும்.

கேள்வி: நான் டாக்டர். எல்லா விழிப்புணர்வும் நோயாளிகளுக்கே போகிறது. எழுதுகிற எங்களுக்கு ஏதாவது செய்தி உண்டா, அல்லது நாங்கள் கோட்பாட்டுக்கு அப்பாற்பட்டவர்களா?

பதில்: நீங்களே கேட்டதால் தைரியமாகச் சொல்கிறேன். அமெரிக்காவின் சான் டியாகோ பகுதியில், மாத்திரை அதிகமாகி இறந்த 170 பேருக்கு மருந்து எழுதியிருந்த 861 பேரை எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் இறப்பை விசாரிக்கும் அதிகாரியிடமிருந்து ஒரு கடிதம் போனது: உங்கள் நோயாளி இன்னார் இறந்துவிட்டார். குற்றச்சாட்டு இல்லை, மிரட்டல் இல்லை, கூடவே எச்சரிக்கையாக எழுதுவதற்கு ஐந்தாறு வழிமுறை. 2018-இல் ஜேசன் டாக்டர் (பெயரே அப்படித்தான், நான் என்ன செய்ய) குழுவினர் வெளியிட்ட முடிவின்படி, அடுத்த மூன்று மாதத்தில் கடிதம் கிடைத்தவர்கள் எழுதிய ஓபியாய்ட் அளவு மற்றவர்களைவிட 9.7 சதவீதம் குறைந்தது. புள்ளிவிவரத்தில் இருந்த மரணம் பெயரோடு மேசைக்கு வந்ததும், பக்கத்திலேயே செய்ய வேண்டியதும் எழுதியிருந்ததும்தான் காரணம் என்று நினைக்கிறேன். டெட்டனஸ் வரைபடம் ஞாபகம் வருகிறதா?

கேள்வி: எங்கள் விழிப்புணர்வு வீடியோவை ஒரு லட்சம் பேர் பார்த்தார்கள். வெற்றிதானே?

பதில்: ஒரு லட்சம் பேர் பார்த்தார்கள் என்பது வரை வெற்றி. எத்தனை பேர் மாத்திரையைப் பூட்டி வைத்தார்கள், எத்தனை பேர் மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்று கேட்டீர்களா? பார்ப்பதற்கும் நினைப்பதற்கும் இடையில் ஒரு பள்ளம், நினைப்பதற்கும் செய்வதற்கும் இடையில் அதைவிடப் பெரிய பள்ளம். நினைப்பை நன்றாக மாற்றினாலும் செயலில் தெரிகிற மாற்றம் அதைவிடச் சிறியதாகவே இருக்கும் என்று வெப், ஷீரன் இருவரும் 2006-இல் 47 பரிசோதனைகளைத் தொகுத்துக் காட்டினார்கள். இரண்டாவது பள்ளத்துக்குப் பாலம் போடப் பீட்டர் கோல்விட்சர் சொல்கிற வழி, 'இப்படி நடந்தால் இப்படிச் செய்வேன்' என்று முன்கூட்டியே வார்த்தையாக்கி வைத்துக்கொள்வது. 'ஜாக்கிரதையாக இருப்பேன்' என்பது வேலைக்கு ஆகாது. 'யாராவது என் மாத்திரையைக் கேட்டால், சீட்டை எடுத்துட்டு வா, டாக்டர்கிட்ட சேர்ந்து போலாம் என்பேன்' என்பது வேலைக்கு ஆகும்.

ஆசிரியை மேடம், உங்கள் போஸ்டரின் வரி இங்கேதான் கிடைத்தது. யாத்திரையை எடுத்துவிடுங்கள். மண்டை ஓட்டின் கீழே, அதே பெரிய எழுத்தில், 'உன் மாத்திரையை ஒருத்தர் கேட்டால் என்ன சொல்வாய்?' என்று எழுதி, அதற்குக் கீழே நாலு கோடு காலியாக விடுங்கள். போஸ்டர் பக்கத்தில் ஒரு பேனாவைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள், பேனா காணாமல் போகும், இன்னொன்று கட்டுங்கள். கிண்டலாகவும் எழுதுவார்கள், விடுங்கள். ஒரு மாதம் கழித்து அந்தக் கோடுகளில் என்ன இருக்கிறது என்று எனக்குப் போட்டோ எடுத்து அனுப்புங்கள்.